பலகையில் ஒட்டிய பொட்டு

“நான் எறிஞ்ச கோடாலி என் பொட்டை ரெண்டா வெட்டிட்டுது. கடலைப்பருப்பு அளவு ஸ்டிக்கர் பொட்டு. பாதி பலகையில, பாதி கோடாலி வாயில. தங்கத் தராசுல வெச்சுப் பாத்தாலும் ரெண்டும் ஒரே எடைதான் இருக்கும்.”

அறுபத்து மூன்று வயது மீனாட்சி இதைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அடையாறில் தன் வீட்டுப் போர்ட்டிகோவில், அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் காபி டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது. கேட்டவர்கள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த வேட்டி கொடியை விட்டு இறங்கி ஓடியது. ஒருவருக்குப் புரையேறி, மூன்று பேர் முறை வைத்து முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு ஹபீபுர் ரஹ்மான் மட்டும் சிரிக்கவில்லை. பலகை அவருடையது, எறிந்ததும் அவர் வீட்டுக் கொல்லையில்தான். கண்ணால் பார்த்ததாக அவர் சத்தியம் செய்ததும், தெரு மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியது.

மீனாட்சி கணவர் பக்கம் திரும்பி, “இல்லையாங்க?” என்றாள்.

“எனக்கு என்ன தெரியும்? நான் பக்கத்துல இல்லையே” என்றார் சக்திவேல். பலகைக்குச் சொந்தக்காரர் சாட்சி செல்லாது என்று ஒரு தீர்ப்பும் சேர்த்துச் சொன்னார்.

அந்தப் பதிலைக் கேட்டு அடையாற்றுத் தண்ணீர் ஒரு நிமிடம் ஓடாமல் நின்று திரும்பிப் பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்? அந்த வீட்டில் முப்பத்தெட்டு வருஷமாக நடக்காத காரியம் அது.

சக்திவேல் தி. நகரில் ஒரு பெரிய பட்டுக் கடையின் கல்யாணப் புடவைப் பிரிவைக் கட்டி ஆண்டவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு புடவை விற்பதை நிறுத்திவிட்டு, கதை விற்கத் தொடங்கினார். அவர் கதைகளில் தலைக்கதை தொண்ணூற்று நாலாம் வருஷத்துத் தீபாவளிக் கூட்டத்தில் நடந்தது. கவுன்டருக்குப் பின்னால் நின்றபடி அரக்குப் பட்டு ஒன்றை மணிக்கட்டால் ஓர் உதறு உதறி வீசினாராம். அது பத்தடி பறந்து போய், அங்கே நின்ற ஒரு பெண்ணின் மேல் தானாகக் கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததாம். ஊக்கு குத்துவது மட்டும்தான் பாக்கி இருந்ததாம்.

கதை முடிந்ததும் அவர் “இல்லையா மீனா?” என்பார். உள்ளே எந்த வேலையில் இருந்தாலும் மீனாட்சி வாசல்படிக்கு வந்து, “ஆமா. நான் பக்கத்துலதான் இருந்தேன்” என்பாள். அத்துடன் கதை பத்திரப்பதிவு ஆனது போல. உண்மையில் அந்தத் தீபாவளிக்கு அவள் இரண்டாவது பிரசவத்துக்காகச் சங்கரன்கோவிலில் தாய்வீட்டில் இருந்தாள். அறுநூறு கிலோமீட்டரை ‘பக்கத்துல’ என்ற ஒற்றைச் சொல்லில் மடித்து வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் முதல்முறையாகத் தனக்கென்று ஓர் ‘ஆமா’ கேட்டாள். சக்திவேல் கொடுக்கவில்லை.

காரணம் பொறாமை. அந்தப் பெயரில் அதைக் கூப்பிட்டால் கௌரவம் போய்விடும் என்பதால் அவர் வேறு வேறு பெயர் வைத்திருந்தார். திங்கட்கிழமை அது முதுகு வலியாக இருந்தது, வியாழக்கிழமை அசிடிட்டியாக மாறியது.

எல்லாம் மூன்று மாதத்துக்கு முன்னால் தொடங்கியது. ஹபீபுர் ரஹ்மான் கிண்டி தொழிற்பேட்டையில் பேக்கிங் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்து, அதை மருமகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருப்பவர். அந்த மருமகன் ஒருநாள் அவரைக் கடற்கரைச் சாலையில் ஏதோ ஒரு விளையாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனான். அங்கே சின்னஞ்சிறுசுகள் கோடாலியைத் தூக்கிப் பலகைமேல் எறிந்து கொண்டிருந்தார்கள். எல்லோரும் கோடாலியைப் பார்த்தார்கள், பாய் பலகையைப் பார்த்தார். அது பேக்கிங் பெட்டிக்குப் போடும் பைன் பலகை. தான் முப்பது வருஷம் ஆணி அடித்த மரத்துக்கு இப்படி ஒரு ராஜவாழ்க்கை இருப்பதைத் தனக்கு யாரும் சொல்லவில்லையே என்று அவருக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

அடுத்த வாரமே கொல்லையில் இரண்டு சவுக்குக் கழிகளைப் புதைத்தார். ஐந்து பைன் பலகைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி, மேலேயும் கீழேயும் மட்டும் திருகாணி முடுக்கினார். நடுவில் ஓர் ஆணி இருந்தாலும் கோடாலி வாய் போய்விடும் என்றார். பின்னால் தடுப்புக்கு பிளைவுட், கீழே கோடாலி விழுந்தால் துள்ளாமலிருக்கப் பழைய ரப்பர் விரிப்பு. பன்னிரண்டு அடி தள்ளித் தரையில் ஒரு கோடு போட்டார். எறிகிறபோது அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு பூனைகூட நிற்கக் கூடாது என்று சட்டமும் போட்டார். கோடாலியைக் கொல்லன் பட்டறையில் சொல்லி அடித்து வாங்கினார். கையில் எடுத்தால் தேங்காய் உரிக்கிற சாமான் போல அடக்கமாக இருந்தது.

பலகையில் வட்டம் போடத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. மதில்மேல் தலையை நீட்டி, “தங்கச்சி, ஒரு தாம்பாளம் குடுங்க” என்றார். வினை அங்கேதான் மதிலேறிக் குதித்தது. மீனாட்சி தாம்பாளத்தோடு சாப்பாட்டுத் தட்டையும் ஒரு டவராவையும் எடுத்துக்கொண்டு நேரிலேயே போனாள். தாம்பாளத்துக்கு ஒரு வட்டம், தட்டுக்கு ஒரு வட்டம், டவராவுக்கு ஒரு வட்டம். நட்டநடுவில் ஒரு புள்ளி வேண்டுமே என்று பாய் பெயின்ட் பிரஷ்ஷோடு யோசித்தபோது, அவள் தன் நெற்றியிலிருந்த மெரூன் பொட்டைப் பிய்த்து அங்கே ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கொல்லையில் நடுப்புள்ளிக்குப் பெயர் பொட்டு.

சும்மா ஒருமுறை எறிந்து பாருங்கள் என்றார்கள். முதல் வீச்சு பாயின் மனைவி அஸ்மத்துன்னிசா வளர்த்த கறிவேப்பிலைச் செடியை மொட்டையடித்தது. இரண்டாவது வீச்சு ‘தொக்’ என்று தட்டு வட்டத்தில் போய் நின்றது. அந்தத் தொக்கு மீனாட்சியின் காதுக்குள் போனது, திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு சக்திவேல் பட்ட பாட்டைச் சொல்ல ஒரு நோட்டு போதாது. நாலரை மணிக்கு டிகாக்ஷன் மணக்க மணக்க வந்த காபி, ஃபிளாஸ்க்கில் வரத் தொடங்கியது. மனைவி உயிரோடு இருக்கும்போதே ஃபிளாஸ்க் காபி குடிக்கிற ஒரே ஆண் மகன் அடையாறிலேயே தான்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் தொக், தொக் என்று கேட்கும். வேண்டாம் என்றாலும் காது எண்ணும். நடுவில் சிரிப்பு கேட்டால், என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று டிவி சத்தத்தைக் குறைப்பார். குறைத்தவுடன் அங்கே அமைதியாகிவிடும்.

பலகைக்கு நடக்கும் பணிவிடை அவருக்கு இன்னும் எரிச்சல். பைன் மரம் ஈரமாக இருந்தால்தான் கோடாலியைக் கவ்விப் பிடிக்கும், சென்னை வெயிலில் காய்ந்தால் துப்பிவிடும். அதனால் காலையும் மாலையும் மீனாட்சி பக்கெட்டும் மக்குமாகப் போய் அதற்கு அபிஷேகம் செய்தாள். வெட்டுப்பட்டு நார்நாராக ஆகிவிட்ட நடுப்பலகையைக் கழற்றி ஓரத்துக்கு மாற்றவும், ஓரத்துப் பலகையை நடுவுக்குக் கொண்டு வரவும் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். கரையான் வருகிறதா என்று குனிந்து பார்த்தாள். தன் முதுகு வலியை இவ்வளவு அக்கறையாக அவள் என்றைக்குக் குனிந்து பார்த்தாள் என்று சக்திவேல் கணக்குப் போட்டார். விடை சரியாக வரவில்லை.

எல்லாவற்றையும் விடக் கொடுமை குளியலறைக் கண்ணாடி. கல்யாணமான நாளிலிருந்து மீனாட்சி பழைய பொட்டைக் கண்ணாடி ஓரத்தில்தான் ஒட்டுவாள். அவர் ஷேவ் செய்யும்போது இருபது முப்பது பொட்டுகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்கும். இப்போது கண்ணாடி ஓரம் வெறிச்சென்று இருந்தது. அத்தனை பொட்டும் மதில் தாண்டிப் போய் ஒரு பெட்டிப் பலகையின் நெற்றியில் ஏறிக்கொண்டிருந்தன.

அப்படி இருக்கும்போதுதான் பொட்டு இரண்டாகப் பிளந்தது என்ற கதை. அது நடந்தபோது அங்கே இருந்தது பாய் ஒருவர் மட்டும்தான். தெருவைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள், தண்ணீர் ஊற்றும் நேரமாயிற்றே என்று அவர் கை பழக்கத்தில் ஒரு மக்கு ஊற்றிவிட்டது. இரண்டு பாதியும் வாழை மரத்தடிக்குப் போய்விட்டன.

போர்ட்டிகோவில் சக்திவேல் மறுத்துச் சொன்னதற்கு மீனாட்சி சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தம்பதிக்குச் சக்திவேல் அரக்குப் பட்டுக் கதையை எடுத்துவிட்டார். புடவை பறந்தது, கொசுவம் வைத்தது, முந்தானை விழுந்தது. “இல்லையா மீனா?” என்றார்.

வாசல்படிக்கு வந்தவள் சிரித்த முகமாக, “எனக்கு என்ன தெரியும்? நான் அப்ப ஊர்ல இருந்தேனே” என்றாள்.

முப்பது வருஷமாக அந்தரத்தில் அழகாகப் பறந்து கொண்டிருந்த புடவை பொத்தென்று தரையில் விழுந்தது. புதுத் தம்பதி நாகரிகமாகக் காபியைப் பார்த்தார்கள். சக்திவேலுக்கு அன்றுதான் விளங்கியது, அந்தக் கதையில் தன் சரக்கு கால்வாசி, மிச்சம் முக்கால்வாசியும் அவளுடைய ‘ஆமா’ என்று. அது திரும்ப வேண்டும். அதற்குத் தானும் ஒன்று கொடுத்தால் போதும். ஆனால் அதைக் கொடுக்கத் தொண்டையைத் திறந்தால் அங்கே அசிடிட்டி குறுக்கே படுத்திருந்தது.

ஆகவே கொடுக்காமலே அவளைத் திருப்பிக் கொண்டுவர வழி தேடினார். தன் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு பலகை நட வேண்டும், அதுவும் பாயின் பெட்டிப் பலகை வெட்கப்பட்டு ஓடுகிற மாதிரி. பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் எதற்கு என்று கேட்டதற்கு, “உசத்தியா இருக்கணும்” என்று மட்டும் சொன்னார். வந்து இறங்கியது பர்மா தேக்குக் கதவு ஒன்று. பித்தளைக் குமிழ்கள் பதித்தது, நாலு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கினார்கள். குமிழ்களைக் கழற்றிவிட்டு, எண்ணெய் போட்டுத் துடைத்து மதிலோரம் சாய்த்தார். அதன் பளபளப்பில் மீசையைச் சரிசெய்து கொள்ளலாம்.

வீட்டு வேலைக்கு வரும் முனியம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கதவைச் சுற்றிப் பார்த்தாள். “இன்னா அண்ணாச்சி, கோயில் கதவு மாதிரி கீது. இது மேலயா கோடாலி வுடப் போற? அது இன்னா பாவம் பண்ணுச்சு?”

கோடாலி எறியவும் தரம் வேண்டும் என்று அவளுக்கு விளக்கினார் சக்திவேல். பிறகு குளியலறைக்குப் போய்க் கண்ணாடியைத் துழாவினார். கீழ்மூலையில், சட்டத்தில் பாதி ஒளிந்தபடி ஒரே ஒரு பொட்டு மிச்சம் இருந்தது. நகத்தால் மெதுவாகக் கிளப்பி, கொண்டுவந்து தேக்கின் நடுவில் ஒட்டினார். அந்த ஒரு வேலையை மட்டும் அவர் மிகையில்லாமல், சத்தமில்லாமல் செய்தார்.

மறுநாள் சாயங்காலம், மதிலுக்கு அப்பால் தொக் கேட்கத் தொடங்கியதும், அவர் தன் கொல்லையிலும் ஒரு கோடு போட்டு அதில் நின்றார். புதுக் கோடாலியைக் கையில் எடுத்தார். கை தானாகத் தனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தது. முப்பத்தாறு வருஷம் பட்டுப்புடவையை உதறிய மணிக்கட்டு, கோடாலியையும் ஓர் உதறு உதறியது.

கேட்டது தொக் இல்லை. ணங் என்று கேட்டது. கபாலி கோயில் மணியென்று நினைத்து மயிலாப்பூரில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகப் பின்னால் தகவல். தேக்கு அந்தக் கோடாலியை உள்ளே விடவில்லை, வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது. அது வந்த வழியே திரும்பிப் பறந்து, சக்திவேலின் காலுக்கும் செருப்புக்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்று விசாரித்து, இல்லை என்றதும் எகிறிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக் குழாயை முறித்தது. குழாய் பீறிட்டுச் சக்திவேலை உச்சி முதல் பாதம் வரை குளிப்பாட்டியது.

மதில்மேல் மூன்று தலைகள் எழுந்தன.

“அண்ணாச்சி, அடி ஒண்ணும் படலையே?” என்று கேட்டுவிட்டு, படவில்லை என்று உறுதியான பிறகே பாய் தொழிலைப் பேசினார். “தேக்கு நல்ல மரம்தான். கரையானையே விடாது, கோடாலியை விடுமா? இதுக்கு மட்ட மரம்தான் வேணும். அப்புறம் அந்த மணிக்கட்டை உதறாதீங்க. அது புடவை இல்லை.”

முனியம்மாள் குழாயைத் துணியால் அடைத்துக்கொண்டே சொன்னாள்: “கதவைப் பாத்து கோடாலியே மெர்சலாயி ஓடியாந்துடுச்சு அண்ணாச்சி.”

மீனாட்சி சுற்றிக்கொண்டு வந்து, சொட்டச் சொட்ட நின்ற கணவரைத் தாண்டிப்போய்க் கதவின் முன்னால் நின்றாள். ஒரு கீறல் இல்லாமல் அங்கே ஒரு மெரூன் பொட்டு இருந்தது.

“இது கண்ணாடியில இருந்ததா?”

அவர் தலையாட்டினார். அவள் பொட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் முந்தானையை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டு, “நாளையிலேர்ந்து நீங்களும் அங்க வாங்க” என்றாள்.

போனார். புதிதாக வருகிறவர்தான் பலகைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், எல்லோருடைய கோடாலியையும் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும் என்பது கொல்லைச் சட்டம். பட்டுக் கடையில் பதினாறு பேரை வேலை வாங்கியவர், பக்கெட்டும் மக்குமாக நின்றார். அவர் எறிந்தால் கோடாலி செத்த பல்லி போல ரப்பர் விரிப்பில் விழுந்தது. மீனாட்சி எறிந்தால் பலகை அதை அழைத்து உட்கார வைத்தது. “தங்கச்சி கைக்கு இந்த மரமே அடிமை” என்று பாய் ஒவ்வொரு தடவையும் சொல்ல, ஒவ்வொரு தடவையும் சக்திவேல் நிறைந்திருந்த பக்கெட்டை மறுபடி நிரப்பப் போனார். கேலிக்கென்றே அவள் நாளைக்கு நாலு முறை, “அன்னிக்கு இதே பலகையில என் பொட்டு ரெண்டாச்சு. இல்லையாங்க?” என்பாள். “நான் பக்கத்துல இல்லை” என்பார் அவர். எல்லோரும் சிரிப்பார்கள்.

மூன்று வாரம் பொட்டு பிளக்கவில்லை. ஒருநாள் அரை விரல் இடது பக்கம், ஒருநாள் ஓர் அரிசி அளவு மேலே. கோடாலியைப் பிடுங்கப் போகும்போதெல்லாம் முழுசாக இருக்கும் பொட்டைப் பார்த்து அவருக்கு ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சிக்காகவே ஓடிப்போய்ப் பிடுங்கினார் என்றும் சொல்லலாம்.

அது ஐப்பசி மாதத்து ஒரு சாயங்காலம், மழை விட்டிருந்தது. மீனாட்சி எறிந்தாள். எறிந்த அதே நேரம் அஸ்மத்துன்னிசா சுலைமானி டீத் தட்டோடு வர, எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மீனாட்சியும்தான். தொக் என்ற சத்தம் மட்டும் கேட்டது. சக்திவேல் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பலகைக்குப் போனார்.

கோடாலி டவரா வட்டத்துக்குள் இறங்கி நின்றது. அதன் வாய்க்கு வலது பக்கம் ஒரு மெரூன் அரைவட்டம். இடது பக்கம் ஒன்றுமில்லை. காம்பைப் பிடித்து மெல்ல அசைத்து வெளியே இழுத்தார். இரும்பின் மேல் மற்ற பாதி ஒட்டிக்கொண்டு வந்தது. தராசே தேவையில்லை, பார்த்தாலே தெரிந்தது.

சக்திவேலின் உடம்பு ஒரு பீரோ அகலம். பின்னால் இருப்பவர்களுக்குப் பலகை தெரியாது. கையில் மக்கு இருந்தது, மக்கில் தண்ணீர் இருந்தது. பலகையை நனைப்பது அவருடைய வேலை. ஒரே ஒரு மக்கு. பாயே ஒருதரம் செய்த காரியம்தான், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். செய்யாவிட்டால், இன்று நடந்தது நிஜம் என்றால் அன்று நடந்ததும் நிஜம். ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோவில் இனி எல்லோரும் அவள் பக்கம்தான் நாற்காலியைத் திருப்புவார்கள். அரக்குப் பட்டை யார் கேட்பார்கள்?

மக்கைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. அரக்குப் பட்டு, அதற்கு முன்னால் மழையில் நனையாத கதை, அதற்கும் முன்னால் ஒரே மூச்சில் நூறு புடவை மடித்த கதை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை பேர் முன்னால். அத்தனை கதையிலும் அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. நெஞ்சறிந்த பொய்க்கே வாசல்படி வரை நடந்து வந்து சாட்சி சொன்னவள். தானோ ஒரு நிஜத்தைக் கழுவிவிட மக்கைத் தூக்கி நிற்கிறார்.

“என்ன அண்ணாச்சி, கோடாலி வரமாட்டேங்குதா?” என்று பாய் கேட்டார்.

மீனாட்சி டீயை ஊதிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், வழக்கமான கேலியை எடுத்துவிட்டாள். “அவர் என்ன பண்ணுவார், பாவம். அன்னிக்கு இதே பலகையில என் பொட்டு ரெண்டாச்சு. இல்லையாங்க?”

வழக்கமான பதிலுக்கு முன்கூட்டியே சிரிக்கத் தயாராக எல்லோரும் டீத் தம்ளரை வாயிலிருந்து எடுத்தார்கள்.

சக்திவேல் மக்குத் தண்ணீரை வாழை மரத்தடியில் ஊற்றினார். பலகை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஓரடி நகர்ந்து நின்று, கோடாலியின் வாயைத் திருப்பிக் காட்டினார்.

“ஆமா,” என்றார். “அன்னிக்கும் ஆச்சு, இன்னிக்கும் ஆச்சு. ரெண்டு தடவையும் நான் பக்கத்துலதான் இருந்தேன்.”